அக்கா உள்ளே இருந்த நேரம்

என் அக்கா சிப் தயாரிக்கும் தொழிற்சாலையில் பதினொரு வருடமாக நின்றுகொண்டிருக்கிறாள். வேலை பார்க்கிறாள் என்று சொல்வதைவிட இதுதான் சரி. எட்டு மணி நேரமும் நிற்கிற வேலை. தலை முதல் கால் வரை வெள்ளை உடை, கண் மட்டும் வெளியே தெரியும். ஒரு தூசி விழுந்தால் செய்த சிப் அவ்வளவும் குப்பைக்குப் போகும் என்பதால் உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. முழங்கால் மூட்டு இரண்டும் தேய்ந்துவிட்டன. நிற்காதே என்று டாக்டர் சொன்னதற்கு, "நின்னாத்தானே சார் சம்பளம்?" என்று சிரித்துவிட்டு வந்தாள்.

மிச்சம் பிடித்ததையெல்லாம் தன் கம்பெனிப் பங்குகளிலேயே போட்டு வைத்திருந்தாள். இன்னும் இரண்டு வருடத்தில் விற்றுவிட்டு, வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம் என்பது அவள் திட்டம். பகலில் விலை இறங்கினால் கொஞ்சம் வாங்கிப் போடச் சொல்லிப் பங்குக் கணக்கின் பாஸ்வேர்டை என்னிடம் கொடுத்தாள். நான் சாவிக்கடைக்காரன், நம்பி எதையும் கொடுக்கலாம் என்று நினைத்தாளோ என்னவோ. "என்னைக் கேக்காம எதையும் வித்துடாதே, அவசரக்குடுக்கை" என்று மட்டும் சொன்னாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை உலகச் சந்தை மொத்தமும் சரிந்தது. சிப் கம்பெனிகளுக்குத்தான் முதல் அடி. இனி சிப் பங்குகளை ஒருவரும் சீண்ட மாட்டார்கள் என்று டிவியில் ஒரு ஆள் தொண்டை கிழியக் கத்தினான். அக்காவுக்குப் பதினேழு தடவை போன் அடித்தேன். அது லாக்கரில் கிடந்தது. அவள் வெளியே வர இரண்டு மணி நேரம் இருந்தது. இரண்டே மணி நேரம், பாவி நான் பொறுத்திருக்கக் கூடாதா? தேறியவரை தேறட்டும் என்று அத்தனையையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். பாதி போயிருந்தது.

சாயங்காலம் கடைக்கு வந்த அக்காவிடம் பெருமையாக வேறு சொன்னேன். "பாதியையாவது காப்பாத்திட்டேன்க்கா."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "டிவிக்காரனைக் கேட்டியே, என்னைக் கேட்டிருக்கலாமேடா. உள்ள ஒரு மெஷின்கூட நிக்கல. வேலை குவிஞ்சு கிடக்குன்னு ஞாயித்துக்கிழமையும் வரச் சொல்லியிருக்காங்க."

மிஞ்சிய பாதியை மறுபடி பங்கில் போட அவளுக்கு மனசு வரவில்லை. நான்கே மாதத்தில் விலை பழைய இடத்தையும் தாண்டி ஏறிவிட்டது. அதைப் பார்த்த அன்று அவள் வீட்டுக்குப் போய் வாய்விட்டு அழுதேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

"விடுடா. எனக்காகத்தானே பயந்தே" என்றாள்.

"இனிமே எத்தனை வருஷம்க்கா?"

"கால் இருக்குற வரைக்கும்" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினாள்.