அக்கா வீட்டு டிவி

சிதம்பரத்தில் வடக்கு வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் என் அக்காவின் வீடு. மாமா கல்யாணங்களுக்குப் பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல். எந்த மண்டபத்தில் எந்த அடுப்பு புகையும் என்று அவருக்குத் தெரியும். முகூர்த்த நாட்களில் பகலில் அவரை வீட்டில் பார்க்க முடியாது. டிவி அக்காவுக்காக வாங்கியது. அவர் உட்கார்ந்து பார்த்ததே கிடையாது.

கொரோனா வந்து ஊரை அடைத்தபோது கல்யாணங்கள் நின்றன. அண்டாக்களைக் கொல்லையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, முதல்முறையாக அவர் முழுநாளும் வீட்டில் இருந்தார். காலையில் போட்ட டிவி படுக்கிறவரை ஓடியது. முள் முளைத்த ஒரு பந்து திரையில் சுழன்றுகொண்டே இருக்கும். கீழே சிவப்புப் பட்டையில் எண்கள் ஏறும். பின்னால் சண்டைக்குக் கிளம்புவது போல ஒரு முரசு. குணமாகி வீட்டுக்குப் போனவர்களைப் பற்றியும் சொன்னார்கள்தான். ஓரத்தில், சின்ன எழுத்தில், முரசு இல்லாமல் அது ஓடி மறையும்.

நான் கடலூர் முதுநகரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். கடை திறந்திருந்தது. டிவியில் காலையில் ஒரு மாத்திரையின் பெயரைச் சொன்னால் மதியத்துக்குள் அது கடையில் தீர்ந்துவிடும். மூட்டுவலிக்கு அதையே வருஷக்கணக்காகச் சாப்பிட்டு வந்த ஓர் அம்மா கவுன்ட்டரில் நின்று அழுதார். அவருக்குக் கொடுக்க ஓர் அட்டைகூட மிச்சமில்லை. இதற்கிடையில் மாமா போன் செய்வார். கடலூரில் இன்று எத்தனை பேர், எந்தத் தெரு, உன் கடைக்குப் பக்கமா என்று கேட்பார். காய்கறியை மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்தார். பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினார். செல்போனையும் கழுவிக் கெடுத்துவிட்டு, அக்கா போனிலிருந்து பேச ஆரம்பித்தார். அக்கா அதைச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஒருநாள் காலை அக்கா அழைத்தபோது குரல் மாறியிருந்தது. மாமாவுக்கு விடியலிலிருந்து இடது தோள் வலிக்கிறதாம், சட்டை நனைகிற அளவுக்கு வேர்க்கிறதாம், ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறாராம். அவருக்குச் சர்க்கரை உண்டு. கடையில் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். மருந்துக்கடை அட்டை இருந்ததால் ஆலப்பாக்கத்திலும் வெள்ளாற்றுப் பாலத்திலும் போலீஸ் விட்டுவிட்டது. சாலையில் நாய்கள் மட்டும் படுத்திருந்தன.

மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே டிவி ஓடிக்கொண்டிருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. இது அந்த நோய் இல்லை, நெஞ்சு சம்பந்தப்பட்டது, உடனே போனால் சரியாகிவிடும் என்று முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொன்னேன். அவர் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

"அங்க போனா மூச்சு வாங்குதான்னுதான் மொதல்ல கேப்பாங்க மச்சான். ஆமான்னா அந்த வார்டுல போட்டுடுவாங்க. அப்புறம் பையில சுத்திக் குழியில தள்ளிடுவாங்க. நான் பாத்தேன்."

"அது எங்கயோ வேற ஊர்ல மாமா."

"டிவில எல்லா ஊரும் பக்கத்துலதான் இருக்கு."

நான் கெஞ்சினேன், அக்கா அழுதாள். வலி கூடிக்கொண்டே போனது. கடைசியில் சரி என்று தலையசைத்தார். ஆம்புலன்ஸுக்கு லைன் கிடைக்கவில்லை. சந்து முனையில் இருந்த ஆட்டோக்காரர் அவர்களுக்குப் பல வருஷப் பழக்கம், பாத்திரமெல்லாம் அவர் வண்டியில்தான் போகும். ஓடிப்போய்க் கூப்பிட்டேன். வாசல்வரை வந்தவர், மாமா மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்ததும் அப்படியே பின்னால் நகர்ந்தார். தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கின்றன என்று கைகூப்பினார். நான் அடுத்த தெருவில் ஒரு காரைப் பேசி அழைத்து வந்தபோது மாமாவின் தலை தோளில் சாய்ந்திருந்தது. அக்கா அவர் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வண்டி வந்துவிட்டது என்று அவர் காதில் சொன்னாள்.

மாமா போய்விட்டதை அக்காவின் ஒரே மகளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்டவள். கொஞ்ச நேரம் கழித்துச் சொல்லலாம் என்று நின்றிருந்தபோது அவளே போன் செய்தாள். சந்தில் யாரோ செல்போனில் எடுத்த படம் ஓர் உள்ளூர் சேனலுக்குப் போய், 'சிதம்பரத்தில் மர்மக் காய்ச்சலுக்கு ஒருவர் பலி, வடக்கு வீதி மக்கள் பீதி' என்று ஓடிக்கொண்டிருந்ததாம். படத்தில் தன் வீட்டு வாசலை அவள் அடையாளம் கண்டுபிடித்திருந்தாள்.

"மாமா, எங்க வீட்டு வாசல்ல ஏன் கூட்டம்? யாரு செத்தது?" என்றாள்.

எல்லையை மூடியிருந்தார்கள். அவளால் வர முடியவில்லை. சுகாதாரத் துறையினர் வந்து மாமாவின் மூக்கில் குச்சிவிட்டுச் சோதனைக்கு எடுத்தார்கள். சந்தின் வாயைத் தகரம் வைத்து அடைத்து, வாசலெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். கொள்ளி வைக்க வேண்டிய பங்காளி தெருமுனையோடு நின்றுவிட்டார். முறையில்லை என்று தெரிந்தும் நானே வைத்தேன். ஊருக்கே பந்தல் போட்ட மனிதருக்கு ஒரு தென்னங்கீற்று கட்ட ஆளில்லை. மகள் போனில் பார்த்தாள். பாதியில் படம் நின்றுவிட்டது.

சில நாட்களில் சோதனை முடிவு வந்தது. நோய் இல்லை. அந்த சேனலின் எண்ணைத் தேடிப் பிடித்து, நீங்கள் போட்டது தவறு, மாரடைப்பு என்று போடுங்கள் என்றேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"அண்ணே, அது பழைய நியூஸ் ஆயிடுச்சு. இப்ப போட்டா யாரு பாக்கப்போறாங்க?"

நான் போனை வைத்தேன். அவர் சொன்னது உண்மை என்பதுதான் என்னை அடித்துப்போட்டது.

அக்கா கேபிள் ஒயரைப் பிடுங்கிவிட்டாள். டிவியை ஒரு பழைய ஜமுக்காளத்தால் மூடி மூலையில் திருப்பி வைத்தாள். ஊரடங்கு தளர்ந்ததும் மாமாவின் தொழிலை அவளே எடுத்துச் செய்தாள். யார் நோயைப் பற்றிப் பேசினாலும் எழுந்து போய்விடுவாள். முகக்கவசத்தைத் தொடுவதில்லை. தடுப்பூசி வந்தபோது நானே கூட்டிப்போகிறேன் என்றேன், சிரித்தாள்.

மறுவருஷம் கோடையில் அது திரும்ப வந்தது. இம்முறை எனக்கு டிவி தேவைப்படவில்லை. ஆம்புலன்ஸ் சத்தம் கடைக்கே கேட்டது. ஆக்சிஜன் சிலிண்டர் எங்கே கிடைக்கும் என்று விசாரித்து, சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். வாடிக்கையாகச் சர்க்கரை மாத்திரை வாங்குகிறவர்கள் வரும் நாளில் வரவில்லை. நான் அக்காவுக்குப் போன் செய்து, கீரப்பாளையத்தில் ஒத்துக்கொண்ட கல்யாணத்துக்கு ஆட்களை மட்டும் அனுப்பு, நீ போகாதே என்றேன். நான் கண்ணால் பார்ப்பதை எல்லாம் சொன்னேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "ஒரு தடவ நம்புனோம்டா தம்பி. அதுக்கு உங்க மாமாவக் குடுத்தோம். இன்னும் யாரக் குடுக்கச் சொல்ற?"

அவள் போனாள். திரும்பி வந்து காய்ச்சல் கண்டதை என்னிடம் சொல்லவில்லை. வெயில் ஜாஸ்தி, அசதி என்று மட்டும் சொன்னாள். குரலில் இழுப்பு கேட்டு நான் ஓடியபோது குழம்பு கருகிய நாற்றம் வாசல்வரை வந்தது. அடுப்பருகில் இருந்த அவளுக்கு அது தெரியவில்லை. இம்முறை யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. தானே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் படுக்கைக்காக வெளியே நெடுநேரம் காத்திருந்தோம். மரத்தடியில் ஒருவரையொருவர் தாங்கியபடி ஏகப்பட்டவர்கள் இருந்தார்கள். அக்கா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"இது நெசந்தானாடா?" என்றாள்.

ஆமாம்க்கா என்றேன். உள்ளே போனவள் ஒரு வாரம்கூட இருக்கவில்லை.

அவர்கள் மகள் அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டாள். நான் சிதம்பரம் பக்கம் போவதில்லை.

சில நேரம் நினைத்துப்பார்ப்பேன். டிவிக்காரர்கள் பொய் சொன்னார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நோய் இருந்தது, குழிகள் இருந்தன. ஆனால் எல்லாவற்றையும் ஒரே முரசில் அடித்தார்கள். எது தன் வீட்டைப் பற்றியது, எது இல்லை என்று மாமாவுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அவர் பயந்ததில் செத்தார். அக்கா பயப்பட மறுத்ததில் செத்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் சரியான அளவு பயம் என்று ஒன்று எங்கேயாவது இருந்திருக்கும். அதை யாரும் எங்களுக்கு அளந்து தரவில்லை.

இப்போது மறுபடி ஏதோ ஒரு புது வைரஸ் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் கடையிலும் ஒரு டிவி உண்டு. முதலாளி சத்தத்தைக் குறைத்து ஓடவிடுவார். போன வாரம் தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் விற்க வரும் ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். பிள்ளைக்கு இருமல். அவள் திரையைப் பார்த்தபடி, இது நிஜமா, பிள்ளையை வெளியே தூக்கலாமா கூடாதா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"சுனாமிக்கப்புறம் கடல் வருதுன்னு எத்தினி தடவ ஓடியிருக்கோம்ண்ணே," என்றாள். "சும்மா ஓடுனதால யாரும் செத்துடல."

அவளுக்கு என்ன சொல்வது? எங்கள் வீட்டில் செத்தார்கள் என்று சொல்லவா? சொன்னால் அடுத்தமுறை அவள் ஓடாமல் இருந்துவிடலாம். டாக்டரிடம் காட்டு என்றேன். எந்த டாக்டர் என்றாள், சொன்னேன். அங்கே கூட்டமாக இருக்குமே, அங்கேயே ஒட்டிக்கொண்டால் என்று தயங்கி நின்றாள். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. அவள் ஒதுங்கி, பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடினாள். மூச்சு முட்டும் என்று நினைத்தோ என்னவோ, திரும்ப விலக்கினாள். நான் அடுத்தவரின் சீட்டை வாங்கினேன்.