ஏர்கோனுக்கு வைத்த பொட்டு

எங்கள் ஊரான பாக்கார் ஆராங்கில் ஓர் அக்கா கல்யாண மண்டபம் நடத்துகிறார். அங்கே ஏர்கோன், அதாவது குளிர்சாதன வேலை என்னுடையது. முன்பெல்லாம் அதைப் போட்டதும் ஈரக் காலுறை வாடை வரும். மணமேடை மல்லிகையால்கூட அதை மறைக்க முடியாது. பெட்டிக்குள் குளிர்க்குழாய்களில் பூஞ்சணம் பிடித்திருந்ததுதான் காரணம். கழுவினால் போகும், கொஞ்ச நாளில் சொந்த வீடு மாதிரி திரும்பி வந்துவிடும்.

அதனால்தான் உள்ளே புற ஊதா விளக்குகளைப் பொருத்தினேன். நீளமான கண்ணாடிக் குழல்கள். அந்த ஒளி விடாமல் பட்டால் பூஞ்சணம் தலையெடுக்காது. கண்ணுக்குக் கெடுதல் என்பதால் பெட்டிக் கதவைத் திறந்ததும் விளக்கு தானாக அணைந்துவிடும். கண்ணாடியில் அழுக்குப் பட்டால் ஒளி குறையும், ஆகவே கையே வைக்கக்கூடாது என்று அக்காவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அவரும் பயபக்தியோடு தலையாட்டினார். அந்தப் பக்தியை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

வாடை போனது. சில மாதங்கள் கழித்து அக்கா போன் செய்தார்.

"தம்பி, நாத்தம் திரும்ப வந்திருச்சிலா! எம் மவனுக்குப் பொண்ணு பேசியாச்சி. சம்பந்தியம்மா அலோர் ஸ்டார்லேருந்து ஹால் பாக்க வராங்க. நாறுனா அங்கயே ஓட்டல்ல வெச்சிக்கலாம்னு சொல்லிட்டாங்க. ஊரு புள்ளைங்க கல்யாணமெல்லாம் இங்க நடந்திச்சி. எம் மவன் கல்யாணம் ஓட்டல்லயா?"

குரல் உடைந்துவிட்டது. எனக்கும் என்னவோ போலிருந்தது. உடனே வண்டியை எடுத்தேன்.

ஏர்கோன் பெட்டிக் கதவைத் திறந்தேன். எல்லாக் குழல்களிலும் மேலிருந்து கீழ்வரை சந்தனம், காய்ந்து ஓடாகி இருந்தது. நடுநடுவே குங்குமம். அடியில் தண்ணீர்த் தட்டில் ஓர் எலுமிச்சம்பழம் சுருங்கிக் கிடந்தது.

"என்னாக்கா இது?"

"ஆயுத பூசை தம்பி. ஜெனரேட்டருக்கு வெச்சேன், மாவு மெசினுக்கு வெச்சேன். இத மட்டும் உட்டா கோவிச்சிக்காதா?"

"கை வெக்காதீங்கன்னு சொன்னேன்ல?"

"கையாலயா வெச்சேன்? புது பிரஷ் வாங்கில்ல பூசுனேன்! கதவ தொறந்தோன வெளக்கு தானா அணைஞ்சிச்சி. சாமியே வழி உட்ட மாதிரி இருந்திச்சி."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது, கூடவே சிரிப்பும் வந்ததால் இரண்டையும் விழுங்கினேன். சந்தனம் ஒளியை மறைத்துவிட்டது, பூஞ்சணம் நிம்மதியாக வளர்ந்திருக்கிறது என்று விளக்கினேன். அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார்.

"அப்ப நானேதான் கெடுத்தேனா?"

அந்த முகத்தைப் பார்த்த பிறகு திட்ட மனம் வரவில்லை. குழாய்களைக் கழுவினேன். கண்ணாடிகளை ஸ்பிரிட் தொட்டு, துணியால் துடைத்தேன். டார்ச் பிடித்து நின்ற அக்கா மெதுவாகக் கேட்டார், "ஒரே ஒரு பொட்டாச்சும்..."

"வெளியக்கா. கதவுக்கு வெளிய!"

அடுத்த நிமிடம் கதவின் வெளிப்புறத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பொட்டு.

சம்பந்தியம்மா வந்தபோது நானும் போயிருந்தேன். அவர் நாற்காலி, மேடை எதையும் பார்க்கவில்லை. காற்று வரும் துவாரம் ஒவ்வொன்றின் கீழும் நின்று, தலையைத் தூக்கி மூச்சை இழுத்தார். அக்கா என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நானும் மனதுக்குள் அந்தப் பொட்டைத்தான் கும்பிட்டேன்.

"ஒரு வாடையும் இல்லையே," என்றார் சம்பந்தியம்மா. "இங்கயே வெச்சிக்கலாம்."

கல்யாணத்தன்று வாசலில் சந்தனத் தட்டோடு அக்காதான் நின்றார். நான் குனிந்து நெற்றியைக் காட்டினேன். சந்தனம் தொட்ட விரல் பாதியில் நின்றது.

"வெக்கலாமா தம்பி? ஒங்களுக்கு ஒண்ணும் கெட்டுப் போவாதே?"

"தாராளமா வைங்கக்கா," என்றேன்.

நெற்றி முழுக்கப் பூசிவிட்டார்.