பஸ்ஸை விட்டு இறங்காதேங்கோ

1. வாசலில் தூக்கிய கை

மேலதிகாரியாக வருவதற்கு என்ன தகுதி வேண்டும் என்று இங்கே தொழிற்பயிற்சியில் இருக்கும் பிள்ளைகள் சிலர் என்னைக் கேட்கிறார்கள். எல்லைக்காவல் படையின் சிறப்புப் பிரிவொன்றில் குழுத்தலைவராக இருந்தவன் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். பொய் இல்லை. ஆனால் அந்தப் பதவிக்கு நான் கொண்டுபோன ஒரே தகுதி பயம். அது மற்றவர்களைவிட என்னிடம் கொஞ்சம் தாராளமாகவே இருந்தது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நான் பொலிஸ்காரன் அல்ல. எண்பதுகளின் தொடக்கத்தில், பான் நகருக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் படையின் முகாமொன்றில், வாகனப் பகுதியில் டயர் மாற்றச் சேர்ந்தேன். ஊரில், இலங்கையில், கலவரம் வருமுன்னரே படிக்கவென்று ஜெர்மனிக்கு வந்தவன் நான். படிப்பைக் கைவிட்டேனே தவிர விசாவைக் கைவிடவில்லை.

வேலைக்குப் போன முதல் நாள், தலைக்கவசமும் துப்பாக்கியுமாக வாசலில் நின்ற காவலாளி என்னைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். சளியாக இருக்கவேண்டும். நான் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டேன். ஒரு கையில் சாப்பாட்டுப் பெட்டி இருந்தது.

"என்ன செய்யிறீங்கள்?" என்றார். இந்தக் குறிப்பில் ஜெர்மன்காரர் பேசுவதையெல்லாம் எங்களுடைய தமிழிலேயே எழுதுகிறேன். அவர்களுக்கும் ஒரு மாறுதல்.

"வேலைக்கு வந்தனான், சேர்."

"அப்ப கையை இறக்குங்கோ. டயர் எல்லாம் நிலத்திலதான் கிடக்குது."

அன்றோடு எனக்குப் பயம் தெளிந்துவிட்டது என்று நாலைந்து வருடங்களாக எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன்.

2. வெளிநாட்டவர் தேவை

அந்த முகாமில் அணித்தலைவர் பதவிக்கான பயிற்சி நடக்கும். எல்லையில் ஒரு அணியை வழிநடத்தப் போகிறவர் பஸ்ஸை மறிப்பது, ரயிலைச் சோதிப்பது, கலவரப்படும் பயணிகளை அடக்குவது எல்லாவற்றையும் ஒத்திகையாகச் செய்து காட்டவேண்டும். பயணிகளாக நடிப்பவர்கள் முகாமில் புதிதாகச் சேர்ந்த இளம் பெடியள். ஒட்டுமீசையோடு வந்து உட்கார்ந்து பவேரியப் பேச்சில் தாங்கள் வெளிநாட்டவர் என்பார்கள். பயிற்சிப் பொறுப்பதிகாரி லோமனுக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் டயர்க் கொட்டகைக்கு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நேசன், நீங்கள் வெளிநாட்டவர் மாதிரி இருக்கிறீங்கள்."

"ஓம் சேர், கனகாலமாப் பழகி வாறன்."

அவர் சிரிக்கவில்லை. மறுநாள் காலை என்னைக் கண்டதும் சிரித்தார். லோமனுக்குச் சிரிப்பு எப்போதும் ஒரு நாள் பிந்தித்தான் வரும்.

அன்றிலிருந்து டயர் பாதி, நடிப்பு மீதி. கடவுச்சீட்டுத் திருடன், வெறிகாரன், வயிற்றுவலிக்காரன் எல்லாமாக இருந்தேன். பிணமாக நடித்தது மட்டும் சரிவரவில்லை. நாய் வந்து முகத்தை மோந்தபோது பிணம் எழும்பி மேசைக்கு மேல் ஏறிவிட்டது.

பிறகுதான் அந்தப் பதவி வந்தது. வேடம் போடுகிறவர்களைத் தேடிப் பிடித்து, பழக்கி, பரீட்சை நாளில் வழிநடத்த நிரந்தரமாக ஒரு குழுத்தலைவர் வேண்டும். மேல்மாடியில் அறை, மேசை, சுழலும் கதிரை. அந்தக் கதிரையில் நான் மனதுக்குள் பலமுறை சுழன்றுவிட்டேன்.

லோமன் விசயத்தை நேராகச் சொன்னார். "வசந்தகாலப் பரீட்சைக்கு ஒரு பஸ் நிறைய வெளிநாட்டவர் வேணும். இறங்கமாட்டம் எண்டு அடம்பிடிக்கவேணும், கத்தவேணும். பலத்தைப் பாவிக்காமல் அவையளை இறக்கிறதுதான் பரீட்சை. பஸ் சரிவந்தால் பதவி உங்களுக்கு. சரிவராட்டி டயர் இருக்குது."

பரீட்சை எழுதப்போகிறவர் பெயர் கிளவுஸ். கதவுநிலையில் தலை இடிக்கிற உயரம், பெண்பிள்ளையின் வெட்கம். ஏற்கனவே இரண்டு தரம் தவறியவர். இதுதான் கடைசி வாய்ப்பு. அவர் என் கொட்டகைக்கு வந்து, "நேசன், என்னைக் கஷ்டப்படுத்த வேணும். சுகமாய் விட்டால் பரீட்சகர்கள் புள்ளி போடாயினம்" என்றார்.

"கவலைப்படாதேங்கோ. தமிழரைக் கொண்டுவாறன்" என்றேன்.

3. ஹம் நகரத்துப் பயணிகள்

வேலை அனுமதி உள்ளவர்களை மட்டும் சேர்க்கலாம் என்பது கட்டளை. அப்படியானவர்களை ஹம் நகரத்தில் எனக்குத் தெரியும். அவர்களுக்கு மூத்தவர் தேவராசா அண்ணை, பாண் சுடும் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. அவருடைய வீட்டில் எல்லோரையும் கூட்டினேன்.

"பொலிசோட சண்டை பிடிக்கச் சொல்லி பொலிசே கூப்பிடுதோ?" என்று கேட்டார் அண்ணை.

"ஓம் அண்ணை."

"உது வலையெல்லோ."

"வலை இல்லை அண்ணை, நடிப்பு. சம்பளமும் சாப்பாடும் தருவினம்."

"என்ன சாப்பாடு?"

"அவிச்ச உருளைக்கிழங்கு."

"அப்ப நாங்கள் கட்டிக்கொண்டு வாறம்."

நான் ஒரே ஒரு விதியைத்தான் சொன்னேன். "என்ன நடந்தாலும் பஸ்ஸை விட்டு இறங்காதேங்கோ. இறங்கச் சொன்னால் மாட்டன் எண்டு கத்துங்கோ." அண்ணையின் அயல்வீட்டுக்காரன் குலம், வாய் ஓயாமல் பேசக்கூடியவன், அவனை வைத்து ஒத்திகை பார்த்தேன்.

"மாட்டன், சேர்" என்றான் குலம்.

"சேர் வேண்டாம்."

"மாட்டன், ஐயா."

போகப் போகச் சரிவரும் என்று நினைத்தேன்.

4. காலை

பயிற்சித் திடலில் வேலியோரமாக ஒரு தெரு இருந்தது. எங்களுடைய பஸ் அதில் மெதுவாகப் போனது. நான் சாரதிக்குப் பக்கத்தில் நின்றேன். திடலின் மறுபக்கத்தில் லோமனும் பரீட்சகர்களும். தெருவில் திடீரெனத் தடை விழுந்தது. தலைக்கவசம் போட்ட கிளவுஸின் அணி இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு வந்து நின்றது. பஸ் நின்றது. கதவு திறந்தது.

இனிக் கூச்சல் கிளம்பவேண்டும். கேட்டதெல்லாம் பஸ் சீற்றுகள் முனகுகிற சத்தம்தான்.

எல்லோரும் எழும்பினார்கள். பைகளை அப்படியே விட்டுவிட்டு, ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். ஆளுக்கு ஆள் ஒரு கை தூரம் இடைவெளி விட்டு நின்றார்கள். வலது கையில் அடையாள அட்டை, நெஞ்சளவு உயரத்தில், படம் வெளியே தெரியும்படி. கண்கள் நிலத்தில். முகாமின் புதுப் பெடியளுக்கு ஒரு மாதம் கத்திக் கத்திப் பழக்கியும் வராத அணிவகுப்பு அது.

கிளவுஸின் வாய் திறந்தபடி நின்றது. "அமைதியாக இருங்கள்" என்று தொடங்கும் பேச்சைப் பாடமாக்கி வந்தவர். அதை யாருக்குச் சொல்வது?

எனக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. "ஆர் உங்களை இறங்கச் சொன்னது?" என்று கத்தினேன். கத்தும்போதுதான் கவனித்தேன், அதற்கு நான் பின்பக்கம் திரும்பவேண்டியிருந்தது. வரிசையின் முதலாவது ஆள் நான். என் வலது கையில், நெஞ்சளவு உயரத்தில், முகாமின் சாப்பாட்டு அட்டை இருந்தது.

லோமன் திடலைக் கடந்து வந்தார்.

"நேசன், இது என்ன?"

"ஒழுங்கு, சேர்."

"நான் ஒழுங்கு கேக்கேல்லை. ஏன் இறங்கினீங்கள்?"

நான் சாப்பாட்டு அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்தேன். தேவராசா அண்ணைதான் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் பதில் சொன்னார். "எங்கட ஊரில ஆமி பஸ்ஸை மறிச்சால் எல்லாரும் இறங்கவேணும். இறங்கி, ஐசி எண்ட அடையாள அட்டையைக் காட்டி, நடந்துபோய் அங்கால ஏறவேணும். இறங்காமல் பஸ்ஸுக்குள்ள இருந்தவை..."

ஜெர்மன் போதாமல் நிறுத்தினார். தமிழில் சொன்னாலும் அந்த இடத்தில்தான் நிறுத்தியிருப்பார்.

கிளவுஸ் தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.  பிறகு லோமன் சொன்னார்: "மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொருக்கா. அதுதான் கடைசி."

5. சோற்றுப் பார்சல்

 கழிப்பறைக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து, "குழுத்தலைவர்" என்று சொல்லிப் பார்த்தேன். கண்ணாடிக்கே சிரிப்பு வந்திருக்கும். பஸ் கதவைக் கயிற்றால் கட்டலாமா என்று யோசித்தேன். கயிற்றையும் அவிழ்த்து, மடித்துக் கொடுத்துவிட்டு இறங்குவார்கள் என்று பட்டது.

மற்றவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. புல்லில் வட்டமாக இருந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தார்கள். ஒரு பரீட்சகர் உருளைக்கிழங்கை விட்டுவிட்டு மணம் பிடித்து வந்து, கத்தரிக்காய்க் குழம்பு வாங்கிச் சாப்பிட்டு, கண்ணீர் விட்டார்.

அப்போது யாரோ ஹம் நகரத்தில் தொடங்கப்போகும் தமிழ்ச் சங்கத்தைப் பற்றி எடுத்தார்கள். அடுத்த கிழமை கூட்டம். "தலைவர் ஆர்?" என்று ஒரு குரல். உடனே எல்லோரும் சோற்றைப் பார்த்தார்கள். அண்ணை தண்ணீர் குடித்தார். குலம் ஊறுகாயை இல்லாத இடத்தில் தேடினான்.

அந்த மௌனத்தை எனக்குத் தெரியும். ஆளுக்கு ஆள் மனதுக்குள் தலைவராக இருந்த மௌனம். கழிப்பறைக்குப் போகவேண்டிய தேவை எனக்குச் சட்டென்று நின்றுவிட்டது.

6. பொறுங்கோ, இது முக்கியம்

பஸ் புறப்பட்டது. தடை விழுவதற்கு ஒரு வளைவு இருக்கும்போது நான் பின்பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னேன்: "மறந்துபோனன். தேவராசா அண்ணைக்கு வாழ்த்துக்கள். சங்கத்துக்கு அவரையே ஏகமனதாத் தலைவராத் தெரிஞ்செடுத்திட்டினமாம்."

"ஆர் தெரிஞ்செடுத்தது?" என்று எழும்பினான் குலம்.

"நான் கேக்கேல்லையே" என்றார் அண்ணை. ஆனால் மறுக்கவில்லை.

"கூட்டம் எப்ப நடந்தது? எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்றான் குலம்.

"உனக்குச் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி" என்றது பின்பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"ஏகமனது எண்டால் என்ர மனம் எங்க போனது?"

பஸ் நின்றது. கதவு திறந்தது. கிளவுஸ் ஏறி, "எல்லோரும் இறங்குங்கள்" என்று முழங்கினார். ஒரு தலையும் திரும்பவில்லை. அவர் குலத்தின் தோளைத் தொட்டார். குலம் முகத்தைத் திருப்பாமலே ஜெர்மனில் சொன்னான்: "பொறுங்கோ. இது முக்கியம்."

மாட்டன் சேர், மாட்டன் ஐயா என்ற அதே குலம்.

கிளவுஸ் இரண்டு தரம் கத்திப் பார்த்தார். எங்களுடைய சத்தத்துக்குள் அது கொசுவின் சத்தம். ஜன்னலால் பார்த்தேன், பரீட்சகர்கள் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். என் கதிரை கிடைத்துவிட்டது, கிளவுஸின் கதிரை போய்விட்டது என்று நினைத்தேன்.

அப்போது அவர் காலையில் செய்ததுபோலத் தலைக்கவசத்தைக் கழற்றினார். வெறுமையாக இருந்த ஒரு சீற்றில் உட்கார்ந்து என்னிடம் கேட்டார்: "என்ன பிரச்சினை?" சொன்னேன். அவர் கையைத் தூக்கினார். "ஒவ்வொருத்தராச் சொல்லுங்கோ. நான் கேக்கிறன். ஆளுக்கு இரண்டு நிமிசம். சொல்லி முடிச்சவர் வெளியில நிண்டு மற்றவருக்கு இடம் விடவேணும்."

தன் பேச்சைக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்றதும் பஸ் அடங்கியது. முதலில் குலம் பேசினான். பேசி முடித்து, வெற்றியோடு இறங்கினான். அடுத்தவர் பேசினார், இறங்கினார். நான் மொழிபெயர்த்தே களைத்தேன். கடைசியாகத் தேவராசா அண்ணை இறங்கும்போது, கீழே நின்ற ஒருவர் கிளவுஸைக் காட்டிச் சொன்னார்: "இவரையே தலைவராப் போட்டால் என்ன? ஒரு பக்கமும் சாராத ஆள்."

மொழிபெயர்த்தேன். கிளவுஸ் காதுவரைக்கும் சிவந்தார். திடலின் மறுபக்கத்தில் லோமன், என் அனுபவத்தில் முதல் தடவையாக, அன்றைக்கே சிரித்தார்.

கிளவுஸ் அணித்தலைவர் ஆனார். என்னிடம் லோமன், "திங்கக்கிழமை மேல்மாடிக்கு வாங்கோ. டயருக்கு வேற ஆள் பாக்கிறன்" என்றார். சங்கத்தின் கதை மட்டும் அவ்வளவு சுகமாக முடியவில்லை. அது தொடங்குமுன்னரே அந்த பஸ்ஸுக்குள் இரண்டாக உடைந்துவிட்டது. ஹம் நகரத்தில் ஏன் இரண்டு சங்கம் என்று யாராவது கேட்டால் நான் தெருவின் மற்றப் பக்கம் பார்ப்பேன்.

7. திரும்பும் வழி

பின்னேரம் அதே பஸ்ஸில் ஹம் நகரத்துக்குத் திரும்பினோம். சண்டை முடியவில்லை. நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் ஒரு பொலிஸ் வண்டி எங்களை முந்தி மறித்தது. இது ஒத்திகை இல்லை. பஸ் நின்றது. கதவு திறந்து, உண்மையான பொலிஸ்காரர் ஒருவர் ஏறினார்.

"பின்விளக்கு ஒண்டு எரியேல்லை" என்று சாரதியிடம் சொல்லிவிட்டு உள்ளே பார்த்தார். ஒருவரும் எழும்பவில்லை. ஒருவருடைய கையிலும் அட்டை இல்லை. தேவராசா அண்ணை அவரைப் பார்த்து, ஒரு நிமிசம் பொறும் என்று விரலைக் காட்டிவிட்டு, குலத்தின் பக்கம் திரும்பி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பொலிஸ்காரர் தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

என் நெஞ்சு நிமிர்ந்தது. என்னுடைய குழு. ஒரே நாளில் பழக்கியெடுத்த குழு. எல்லோரையும் பெருமையோடு ஒரு சுற்றுப் பார்த்து முடித்த பிறகுதான் என் வலது கையைக் கவனித்தேன். அது நெஞ்சளவு உயரத்தில் இருந்தது. அதில் சாப்பாட்டு அட்டை, படம் வெளியே தெரியும்படி.

ஆனால் நான் சீற்றில்தான் இருந்தேன். மேலதிகாரி ஆக விரும்பும் பிள்ளைகளுக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: கை தன் பாட்டுக்கு அட்டை எடுக்கப் பைக்குள் போகும், போகட்டும். கால் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கோ.