நடுவில் தேய்ந்த டயர்

எனக்கு மறதி ஜாஸ்தி. அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம் வந்து பாதி வழியில் வீடு திரும்பியிருக்கிறேன். ஆனால் நாலு பேர் முன்னால் என்னைப் பற்றி யார் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் மறக்காது. என் வீட்டுக்காரரின் அண்ணன் சொன்ன ஒரு வாக்கியம் அவர் குரலிலேயே இன்னும் காதில் இருக்கிறது. "பொம்பள ஓட்டுனா டயர் இப்பிடித்தான் தேயும்."

நான் கடலூரில் மாமியாரோடு இருக்கிறேன். வேலை சிதம்பரத்தில், ஒரு தனியார் கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். வீட்டுக்காரருக்குக் கப்பலில் உத்தியோகம். கடலில் மாதக்கணக்கில் ஊர்ந்து ஊர்ந்து அலுத்துப்போனவர், கரையிலாவது பறக்க வேண்டும் என்று ஒரு கார் வாங்கினார். பார்க்கச் சின்ன கார்தான். உள்ளே டர்போ எஞ்சின். ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். டயர் அகலமாக, உயரம் குறைவாக இருக்கும். அதன் ரப்பர்கூட மற்ற கார் டயர்களைவிட மெத்தென்றிருக்கும். வேகமாகப் போகும்போது ரோட்டைக் கவ்விப் பிடிப்பதற்காக அப்படிச் செய்கிறார்களாம். வாங்கிக் கொஞ்ச நாளில் அவர் கப்பலேறிவிட்டார். கார் எனக்கு வந்தது.

அந்தக் காரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் மாமியாருக்கு மாத்திரை, கஞ்சி, கால் வலித் தைலம். கிளினிக்கில் ஒருவருக்கு முழங்கால், இன்னொருவருக்குத் தோள்பட்டை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற நேரம்தான் ஒரு நாளில் எனக்கு யாரும் வேலை சொல்லாத நேரம். கண்ணாடியை ஏற்றிவிட்டு, கண்டபடி பாடிக்கொண்டு போவேன். அதைத்தான் அந்த அண்ணன் என்னிடமிருந்து பிடுங்கினார்.

வீட்டுக்காரரின் அண்ணனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அடுத்த தெருவில் வீடு. பண்ருட்டியிலிருந்து பலாப்பழமும் முந்திரியும் ஏற்றி அனுப்புகிற லோடு வண்டிகள் வைத்திருக்கிறார். லோடு வண்டிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கிளம்புவதற்கு முன்னால் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டுவார்கள். டங்கென்று கேட்டால் காற்று சரியாக இருக்கிறது, மொத்தென்று கேட்டால் இறங்கியிருக்கிறது. மூச்சு முட்டப் பலாப்பழம் ஏற்றுகிற வண்டிக்கு அது சரிதான். ஆனால் மாமாவுக்கு உலகத்தில் உள்ள எல்லா டயரும் டங்கென்று கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, "பொம்பளைங்க எங்க காத்து பாக்கறீங்க" என்று சொல்லிக்கொண்டே என் காரை பங்க்குக்கு எடுத்துப் போவார். டயரைக் கல்லு மாதிரி ஆக்கிக்கொண்டு வருவார். கம்பியால் தட்டியும் காட்டுவார். பெரிய மனுஷன் உதவி செய்கிறார் என்று நானும் காபி போட்டுக் கொடுத்தேன். அந்தக் காபியை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. "டயர தடவிப் பாத்தா ஓட்டுனது யாருன்னு சொல்லிடுவேன்" என்பார். டிரைவர்களிடம் சொல்வார், கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்வார். கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். நான் அதை மனசில் ஓர் ஓரமாகப் போட்டு வைத்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் சாயங்காலம் சிதம்பரத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். வேகமாகக்கூடப் போகவில்லை. முன்னால் ஒரு பஸ் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போக, அதன் பின்னால் உருட்டிக்கொண்டு வந்தேன். புதுச்சத்திரம் தாண்டி, தேங்கியிருந்த தண்ணீரில் ஏறியதும் ஸ்டியரிங் கையில் லேசாகிவிட்டது. திருப்பினால் திரும்பவில்லை. பிரேக்கை மிதித்தால் நிற்கவில்லை. கார் தன் இஷ்டத்துக்கு ஒரு சுற்று சுற்றி, ரோட்டோரத்துச் சிமெண்ட் கட்டையில் முட்டி நின்றது. பம்பர் போனது. எனக்குத் தோளில் ரத்தம் கட்டிக்கொண்டது.

மாமா வந்தார். அடிபட்டதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. குனிந்து டயரைத் தடவினார். ஓரங்களில் எல்லாம் பள்ளம் அப்படியே இருக்க, நடுவில் மட்டும் வழவழவென்று மொட்டையாக இருந்தது. மறுநாள் மாமியார், அவர் சம்சாரம், விசாரிக்க வந்த அக்கம்பக்கத்தவர்கள் எல்லோரும் இருக்கும்போது அந்த வாக்கியத்தைச் சொன்னார். "ரேஸ் ஓட்டிருக்கா. சாவி கொஞ்ச நாள் எங்கிட்ட இருக்கட்டும்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்காரர் போனில், "அண்ணன் சொன்னா கேளேன், கொஞ்ச நாள் பஸ்ல போ" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

அதோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும் என்று இருந்திருப்பேன். புது டயர் போட்டதும், கழற்றிய டயரில் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் கார் ஷெட்டின் சுவரில் சாய்த்து வைத்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் அதைக் காட்டினார். பால்காரருக்குக் காட்டினார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களுக்குக் காட்டினார். ஒரு நாள் என்னைப் பார்க்க வந்த என் அம்மாவையும் நிறுத்தி வைத்து, "உங்க பொண்ணு வேலையப் பாருங்க" என்று காட்டினார். அம்மா கையில் கொண்டுவந்த பூவை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். இந்த ஆளைச் சும்மா விடக் கூடாது என்று அப்போது முடிவு செய்தேன்.

அதன் பிறகு பஸ்தான். குடிகாடு பக்கம் ரசாயன வாடை வரும்போது துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துத் தொங்குவேன். கார் மாமாவிடம். அவர் வீட்டில் நிறுத்த இடமில்லை என்பதால் ராத்திரியில் எங்கள் ஷெட்டில் விட்டுவிட்டு, காலையில் வந்து எடுத்துக்கொண்டு போவார். நான் பஸ் ஸ்டாப்புக்கு ஓடும்போது ஏசி போட்ட என் காரில் என்னைத் தாண்டிப் போவார். ஹார்ன் வேறு அடிப்பார்.

கிளினிக்கில் எனக்கு ஒரு வழக்கம். வலி எங்கே என்று கேட்பதற்கு முன்னால் வந்தவரின் செருப்பைத் திருப்பிப் பார்ப்பேன். உடம்பு எங்கே பாரத்தைப் போடுகிறதோ அங்கேதான் செருப்பு தேயும். நடையில் உள்ள கோளாறைச் செருப்பு ஒளிக்காது. ஒரு நாள் ஒரு பெரியவரின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போது சுருக்கென்று உறைத்தது. நான் ரேஸ் ஓட்டியிருந்தால் டயரின் ஓரங்கள் அல்லவா தேய்ந்திருக்க வேண்டும்? வளைவில் வேகமாகத் திருப்பினால் பாரம் ஓரத்துக்குத்தானே போகும்? நடு மட்டும் ஏன் மொட்டையானது?

பதில் எங்கள் வாசலில் இருந்தது. கேட்டுக்கு உள்பக்கம், கார் வெளியே போகிற சிமெண்ட் தரையில்தான் நான் தினமும் கோலம் போடுவேன். கார் அதன் மேல் ஏறித்தான் ஆக வேண்டும். மறுநாள் மாமா காரை எடுத்ததும் போய்ப் பார்த்தேன். அவ்வளவு அகலமான புது டயர், கோலத்தில் அழித்தது நடுவில் நாலு விரல் அகலம்தான். இரண்டு பக்கமும் மாவு கலையாமல் இருந்தது. காற்று அதிகமாகி, வயிறு உப்பி, டயர் நடுவில் மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டு போகிறது. டிரைவர் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரில் காற்று முப்பத்திரண்டு என்று போட்டிருக்கிறது. மாமா பங்க்கில் அடிக்கச் சொல்வது நாற்பத்தைந்து. வெயிலில் ஓடிச் சூடேறினால் அதற்கும் மேலே போகும்.

சொல்லிப் பார்த்தேன்.

"மாமா, காத்து ஜாஸ்தியா இருக்கு. நடுவுல மட்டும்தான் தரையத் தொடுது, கோலத்தப் பாருங்க. நடுவுல பள்ளம் தேஞ்சிட்டா மழையில தண்ணி போக வழியில்ல, வழுக்கும்."

"எத்தினி வருசமா வண்டி வச்சிருக்கேன், எனக்கே காத்து சொல்லித் தர்றியா? நீ கோலம் போடற வேலையப் பாரும்மா."

ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. இன்னொரு தடவை சொல்ல எனக்கு மனசில்லை. கோலம் போடுகிற வேலையைப் பார்க்கச் சொன்னார், பார்த்தேன். தினமும் போடுவேன், அவர் ஏறிப் போவார், நான் குனிந்து பார்ப்பேன். அடுப்பில் வைத்த பால் எப்போது பொங்கும் என்று நிற்கிற மாதிரி நின்றேன். மெத்தென்ற ரப்பர், லோடு வண்டி டயர் மாதிரி தாக்குப்பிடிக்காது. ஆடி முடிவதற்குள் நடுப்பள்ளம் பாதி காணாமல் போயிருந்தது. திருவந்திபுரம் பெருமாள் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டேன். அவர் கை காலுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. கூட யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. எதிரில் வண்டி வரக் கூடாது. கார் மட்டும் ஒரு சுற்று சுற்ற வேண்டும். சாமியிடம் இவ்வளவு விவரமாக அதற்கு முன் நான் எதையும் கேட்டதில்லை.

அடுத்த ஐப்பசி மழையில் சுற்றியது. சிதம்பரத்துக்குத் தனியாகப் போனவர், ஊருக்குச் சற்று முன்னால் வழுக்கி, ரோட்டை விட்டு இறங்கிச் சேற்றில் நின்றார். ஆளுக்கு ஒரு கீறல் இல்லை. செய்தி வந்ததும் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று சமையலறைக்குள் ஓடிப்போய் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன். இப்போதாவது ஒத்துக்கொள்வார் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கூடத்தில் அவர் குரல் கேட்டது. "ரோடா அது? எண்ணெய் வேற கொட்டிக் கெடந்துது." மாமியார், "நீ ஓட்டுனதால தப்பிச்ச. வேற யாராச்சும்னா அவ்ளோதான்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் வழுக்கினால் பொம்பளை, அவர் வழுக்கினால் ரோடு. கடவுள் அவர் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டார், மீதியை நான்தான் செய்ய வேண்டும் என்று புரிந்தது.

பொங்கலுக்கு வீட்டுக்காரர் லீவில் வந்தார். தன் சொந்தக் காருக்குத் தினமும் காலையில் அண்ணன் வீட்டில் போய்ச் சாவி வாங்கிவந்து, சாயங்காலம் திருப்பிக் கொடுத்தார். அவரிடம் புது டயர் போடச் சொன்னேன். "காத்து ஸ்டிக்கர்ல இருக்கற அளவுதான். கழட்டுனதுல ஒண்ணு எனக்கு வேணும்" என்றேன். எதற்கு என்று கேட்டார். கொண்டாங்க, சொல்றேன் என்றேன். டயர் மாற்றிய மறுநாள் காலையில் அவர் காரை வெளியே எடுத்ததும் கையைப் பிடித்து இழுத்துவந்து கோலத்தைக் காட்டினேன். ஏறக்குறைய ஒரு சாண் அகலத்துக்குச் சுத்தமாக அழிந்திருந்தது. போன வாரம் வரை இது நாலு விரல்தான் என்றேன். அவர் குனிந்து கையால் அளந்து பார்த்துவிட்டு, "அப்ப நீ ரேஸ் ஓட்டல..." என்று இழுத்தார். நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவே இல்லையே என்றேன்.

காணும் பொங்கலன்று எல்லோருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என் அம்மாவையும் வரவழைத்திருந்தேன். சாப்பிட்டுவிட்டு ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். இரண்டு பழைய டயர்களையும் தேய்த்துக் கழுவி, இடம் மாற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். ஒரே கம்பெனி, ஒரே அளவு.

"மாமா, டயர தடவிப் பாத்தா ஓட்டுனது யாருன்னு சொல்லிடுவீங்கல்ல? இதுல ஒண்ணு நான் ஓட்டுனது, ஒண்ணு நீங்க ஓட்டுனது. சொல்லுங்க பாப்போம்" என்றேன்.

"இது ஒரு விஷயமா?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். இரண்டையும் தடவினார். அதிகம் மொட்டையாக இருந்ததை ஓங்கித் தட்டினார். "இதான் உன்னுது. பாருங்க எல்லாரும், நடுவுல ஒண்ணுமே இல்ல. இப்பிடி ஓட்டுனா வண்டி உருப்படுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டயரின் பக்கவாட்டில் அது எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்று எண் போட்டிருக்கும். கடைசி இரண்டு எண்கள் வருஷம். காலேஜ் படிக்கிற அவர் மகளைக் கூப்பிட்டு இரண்டிலும் படிக்கச் சொன்னேன். அவள் குனிந்து படித்தாள்.

"அந்த டயர் கார் வாங்குன வருசத்துது. நீங்க தட்டுனது அதுக்கு அடுத்த வருசத்துதுப்பா."

"கார்லயே வந்தது அது. நான் ஓட்டுனது. இது சாவி வாங்குனப்புறம் நீங்க மாட்டுனது மாமா" என்றேன். "ரெண்டு பேர் ஓட்டுனோம். ரெண்டுலயும் நடுதான் தேஞ்சிருக்கு. ரெண்டுக்கும் காத்து அடிச்சது ஒருத்தர்தான்."

மாமா எழுந்து சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். என்னிடம் கொடுக்கக் கை வராமல் மாமியாரிடம் நீட்டினார். "எங்கிட்ட குடுங்க மாமா" என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன். என் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கொடுக்கிற வரைக்கும் நான் கையை எடுக்கவில்லை.

நல்லவளாக இருந்தால் அதோடு விட்டிருப்பேன். அவர் தேய்த்த டயர் இப்போது அதே சுவரில், அதே இடத்தில் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன். அதில் மண் போட்டு ரோஜா வைக்கலாம் என்று மாமியார் சொல்லிப் பார்த்தார். நடுப்பக்கம் மறைந்துவிடும் என்று நான் விடவில்லை.

மாமா ஒரு பழைய கார் வாங்கிவிட்டார். முதலில் கொஞ்ச நாள், தன் அம்மாவைப் பார்க்க வரும்போது ஷெட் வரை ஓட்டிக்கொண்டு வந்தார். அவர் போனதும் நான் கோலத்தைக் குனிந்து பார்ப்பதை ஒரு நாள் கண்ணாடியில் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. இப்போதெல்லாம் காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, கோலத்தைச் சுற்றிக்கொண்டு நடந்து வருகிறார். அதனால் நானும் கோலத்தைக் கேட்டுக்கு வெளியே, அவர் கார் நிற்கிற இடம் வரைக்கும் இழுத்துப் போட ஆரம்பித்திருக்கிறேன்.