தாஸ் அங்கிள் மேல் எந்தத் தப்பும் இல்லை

தாஸ் அங்கிள் இறந்துவிட்டார்.

இன்று மத்தியானம், அவருடைய ஒர்க்‌ஷாப்பிலேயே. நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை... நம் கார் கிளப் குரூப் முழுக்க மெழுகுவர்த்தி எமோஜி.

இது அம்மாவின் ஐடி. எழுதுவது நான், தண்டையார்பேட்டை மளிகை அண்ணாச்சியின் மகள். பிளஸ் ஒன் படிக்கிறேன். எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டைப் செய்கிறேன். அம்மா புரண்டு படுத்தால்கூடத் தூக்கிவாரிப் போடுகிறது.

எங்கள் கடைக்கு நேர் எதிரேதான் அவர் ஒர்க்‌ஷாப். நம் கார் கிளப்பை ஆரம்பித்ததே அவர். அப்பாவையும் அவர்தான் சேர்த்துவிட்டார்.

அப்பாவின் பழைய வெள்ளைக் கார் அறுபதைத் தாண்டினால் அப்பாவே பயந்துவிடுவார். "அண்ணாச்சி, உன் வண்டில ஒரு பேனர் கட்டிக்கோ. ஊர்வலம் போவுதுன்னு ஜனங்க வழி வுடும்" என்பார் அங்கிள்.

ரேஸ் டிராக்கில் நம் கார்களை ஓட்டிப் பார்க்கும் இந்த வருஷ டிராக் டேக்கு லிஸ்ட் டைப் செய்தது நான். அங்கிள் ஒரு விரலால்தான் டைப் செய்வார். நாற்பத்தொரு கார். பெயர், பிளட் குரூப், வீட்டில் யாருக்குப் போன் செய்வது... ஆம்புலன்ஸ் வரும் என்று உறுதியான பிறகுதான் டிராக்கையே புக் செய்தார்.

"ஹெல்மெட் இல்லாதவன் டீ குடிச்சிட்டு வூட்டுக்குப் போலாம்னு போடும்மா" என்றார். நான் அதை மரியாதையாக மாற்றி எழுதினேன். "இன்னா இது, கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்டார்.

பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் அப்பா அல்லது அம்மாவின் கையெழுத்து வேண்டும். அந்த ரூலையும் நான்தான் டைப் செய்தேன்.

எனக்கும் போக ஆசை. அப்பாவிடம் கேட்டேன். "பொம்பளப் புள்ளைக்கு அங்க என்ன சோலி? படிக்கிற வேலையப் பாரு." அதோடு முடிந்தது.

டிராக் டே வந்த வாரம் அப்பா கோயில் கொடைக்கு ஊருக்குப் போனார். நான் ஃபார்மில் அப்பா கையெழுத்தை நானே போட்டேன். அம்மாவிடம் ஸ்பெஷல் கிளாஸ் என்றேன். அங்கிள், ஆன்ட்டியோடு அவர்கள் காரில் போனேன்.

கேட்டில் அங்கிள் ஒவ்வொரு காரையும் நிறுத்தினார். டிக்கியில் இருக்கும் ஜாக்கி, சீட்டுக்கடியில் இருக்கும் தண்ணீர் பாட்டில், எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார். கடைசியில் ஒரே கேள்வி. "வூட்ல சொல்ட்டு வந்தியா?"

ஐம்பது வயது ஆட்களிடமும் அதே கேள்விதான். முழித்தால் அங்கேயே போன் போட வேண்டும், ஸ்பீக்கரில். பெரிய மீசை வைத்த ஒருவர், "ஆபீஸ் மீட்டிங்னு சொல்லிட்டேன் தாஸு, மானத்த வாங்காத" என்று கெஞ்சினார். அவர் மனைவி திட்டியது கேட் வரைக்கும் கேட்டது. திட்டி முடித்து, "சரி, தொலையட்டும், ஓட்டட்டும்" என்றார். அப்புறம்தான் அங்கிள் கார் கதவில் நம்பர் ஒட்டினார்.

என்னிடமும் கேட்டார். "நைனாவுக்குத் தெரியும்ல? ஒரு போன் போட்டுக்கவா?"

"கோயில்ல இருக்கார் அங்கிள், எடுக்க மாட்டார். கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போனார்."

ஃபார்மைப் பார்த்தார். "அண்ணாச்சி திருந்திட்டாரும்மா!" என்று ஆன்ட்டியிடம் காட்டினார். அவ்வளவு சந்தோஷம்.

கடைசி ரவுண்டில் கட்டம் போட்ட கொடியை என் கையில் கொடுத்தார். யாரோ போட்டோ எடுத்து இந்தக் குரூப்பில் போட்டார்கள். அப்பா ஊரில் இருந்தே பார்த்துவிட்டார்.

மறுநாள் திரும்பி வந்ததும் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று கத்தினார். "எம் புள்ளையக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீரா வே? உம்ம ரூல் எல்லாம் ஊருக்குத்தானா?"

அங்கிள் என்னைப் பார்த்தார். நான் கடைக்குள், மிளகாய் மூட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஃபார்ம் அவர் மேஜை மேல் இருந்த ஃபைலில்தான் இருந்தது. கையை நீட்டினால் போதும்.

"நான்தான் இட்னு போனேன் அண்ணாச்சி. கேக்காம போனது என் தப்பு. கொயந்தைய ஒண்ணும் சொல்லாத."

அதற்குப் பிறகு அப்பா அவரோடு பேசவில்லை. நீங்களும் "ரூல் போட்டவரே மீறலாமா" என்று இங்கே எழுதினீர்கள். அடுத்த டிராக் டே பொறுப்பை வேறு ஆளுக்குக் கொடுத்தீர்கள். அங்கிள் அதற்கும் ஒரு லைக் போட்டார்.

ஒரு நாள் நான் ஸ்கூல் விட்டு வரும்போது அந்த ஃபார்மைக் கையில் கொடுத்தார். "இத்த நீயே கிழிச்சிப் போட்ரு. யார் கைலயாவது மாட்டிச்சின்னா உனக்குத்தான் பேஜாரு."

"நானே அப்பாகிட்ட சொல்லிடறேன் அங்கிள்."

"சொல்லு. தைரியம் வரும்போது சொல்லு. இன்னா அவசரம்?"

நானும் அவசரப்படவில்லை...

ஃபார்மைக் கிழிக்கவில்லை. கீழே போட்டோ போட்டிருக்கிறேன். அது அப்பாவின் கையெழுத்து இல்லை. நான் போட்டது.

இன்று சாப்பிடும்போது அம்மா, "நாளைக்கு ஒரு எட்டு போயிட்டு வந்திருங்க" என்றார். அப்பா, "நான் வரல" என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

காலையில் எழுந்ததும் அப்பா இந்தக் குரூப்பைத்தான் முதலில் பார்ப்பார். நேரில் சொல்ல எனக்குப் பயம். அதனால்தான் இங்கே.

அப்பா, என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். பத்து மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் போய் அவரைப் பார்த்துவிடுங்கள்.

ஸாரி அங்கிள். நானும் வருகிறேன். அப்பாவோடு... இல்லையென்றால் தனியாக.