விலை சொல்லாத மெட்டு

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, திருப்பூரில் ஆர்டர்கள் அடைமழையாகக் கொட்டிக்கொண்டிருந்த காலம். நான் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். வெளிநாட்டு பையருக்கு மெயில் போடுவது, சாம்பிள் அனுப்புவது, அவர் ஓகே சொல்லும்வரை நகத்தைக் கடிப்பது, இதுதான் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் வேறு ஆள். எங்கள் சர்ச் பேண்டில் பேக்பைப் வாசிப்பேன்.

போலீஸ் அணிவகுப்பில் பார்த்திருப்பீர்கள். அக்குளில் இடுக்கிய காற்றுப் பை. தோளில் சாய்ந்து விடாமல் ரீங்கரிக்கும் மூன்று குழல்கள். விரல்களுக்கடியில் பாடுகிற ஒரு குழல். மொத்தம் ஒன்பதே சுரம். சினிமாப் பாட்டு அதற்குள் அடங்காது, அடக்கினால் கழுத்தை நெரித்த மாதிரி கேட்கும். ஆகவே எங்களுக்குத் தெரிந்தது மூன்றே மெட்டுகள். திருவிழாவுக்கும் அதுதான், கல்யாணத்துக்கும் அதுதான். கொஞ்சம் வேகத்தைக் குறைத்தால் சவ ஊர்வலத்துக்கும் அதேதான்.

அந்த வருஷம் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். துணியில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் எடுத்து ஒதுக்கிவிடுகிற கண். சேலைக்கோ நகைக்கோ அவள் மல்லுக்கட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மத்ததெல்லாம் உங்க இஷ்டமுங்கண்ணா. ஆனா அந்தச் சாவுக்கு ஊதற பாட்டை எனக்கும் ஊதுனீங்கன்னா, நான் காரை உட்டு எறங்கவே மாட்டனுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அப்பாவின் சவப்பெட்டிக்குப் பின்னால் நான் வாசித்துக்கொண்டு நடந்தது அதே மூன்று மெட்டுகளைத்தான். சர்ச் வாசலில் அவற்றில் ஒன்று மறுபடி கேட்டால் அவள் மனம் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். என் விரல்களுக்குமே தெரியும்.

புது மெட்டுக்கு எங்கே போவது? வேலை முடிந்ததும் பிரவுசிங் சென்டருக்குப் போய்த் தேட ஆரம்பித்தேன். ஒருநாள் ஒரு பக்கம் திறந்தது. அலங்காரம் இல்லை, விளம்பரம் இல்லை. ஸ்காட்லாந்துக் கடலோரத்தில் யாரோ ஒருவர் தான் கட்டிய மெட்டுகளையும், தன் ஊரில் காலங்காலமாக வாசித்துவந்த பழைய மெட்டுகளையும் வரிசையாக வாசித்துப் பதிந்து வைத்திருந்தார். எடுத்துக்கொள்ளுங்கள், வாசியுங்கள், காசு வேண்டாம் என்று மேலே எழுதியிருந்தது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் ஊரில் புது சாம்பிளை மேஜைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்புவதற்குள் பக்கத்து யூனிட்டில் அதே மாடலுக்குத் துணி கட்டிங் ஓடும். எங்கள் பேண்டில் டிரம் அடிக்கும் நண்பர், அவர் ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், கேட்டதுமே தலையை ஆட்டினார்.

"சும்மா தர்றாங்கன்னா உள்ள எங்கியோ கொக்கி இருக்குதுங்க."

எதற்கும் எழுதியே கேட்டுவிடுவோம் என்று மெயில் போட்டேன். கை பழகிய பழக்கத்தில் போனது. ஒரு மெட்டுக்கு உங்களுடைய கடைசி விலை என்ன, மினிமம் குவான்டிட்டி எவ்வளவு, டெலிவரி எப்போது. அனுப்பிய பிறகுதான் என்ன எழுதியிருக்கிறேன் என்றே உறைத்தது.

மறுநாள் பதில் வந்தது. மினிமம் குவான்டிட்டி ஒன்று. டெலிவரி, நீங்கள் பட்டனை அமுக்கியதும். விலை, வாசித்த பிறகு என்ன நடந்தது என்று எனக்குச் சொல்ல வேண்டும். பிரவுசிங் சென்டரில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன்.

மெட்டுகளின் பெயர்கள் அவர்களுடைய பழைய மொழியில் இருந்தன. நாங்கள் காதை மட்டும் நம்பித் தேர்ந்தெடுத்தோம். ஒன்று அலை ஏறி இறங்குவதுபோல் மெதுவாக நகர்ந்தது. கேட்டுக்கொண்டிருந்த டிரம் நண்பரின் விரல்கள் மேஜையில் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடின. கொஞ்சம் தூக்கி அடித்தால் இதற்குக் கல்யாணக் களை வந்துவிடும் என்றார். எங்கள் கம்பெனி மூடிய பிறகு அதன் துணி குடோனில் பழகினோம். எவ்வளவு ஊதினாலும் துணி ரோல்கள் சத்தத்தைக் குடித்துவிடும்; தெருவுக்கு ஒரு சுரம்கூடக் கசியாது.

கல்யாணத்தன்று கார் வந்து நின்றது. புது மெட்டை இரட்டை வேகத்தில் வாசிக்க ஆரம்பித்தோம். ஒரு சுற்று முடிந்தது. அவள் இறங்கவில்லை. இரண்டாவது சுற்று. கார்க் கண்ணாடியில் வெயில் பட்டு, உள்ளே அவள் முகமே தெரியவில்லை. அக்குளில் பை, பைக்குள் என் மூச்சு, மூச்சுக்குள் பயம். சம்பந்தி வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கதவு திறந்தது. முதலில் செருப்புக் கால் வெளியே வந்தது. அது தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவுதான், செக்கிங் பெண்கள் கூட்டமாகக் கைதட்ட, மாப்பிள்ளையின் சித்தப்பா துண்டைச் சுழற்ற, பாதிரியார் வாசலுக்கே வந்துவிட்டார். என் தங்கை சர்ச் படியை நடந்து ஏறினாள் என்று சொல்வது தப்பு. மிதந்து ஏறினாள்.

பேசிய விலையைக் கொடுக்க வேண்டுமே. வீடியோக்காரரிடமிருந்து அந்தச் சத்தத்தை மட்டும் வாங்கி, நடந்ததை எழுதி அனுப்பினேன். பதில் சில நாள் கழித்து வந்தது. இரண்டு முறை படித்தேன். நாங்கள் ஊதிய அந்த மெட்டு, கடலில் மாண்ட மீனவர்களுக்காக அவர் ஊரில் வாசிக்கும் ஒப்பாரியாம். சவப்பெட்டிக்குப் பின்னால் தவிர வேறெங்கும் அவர் அதைக் கேட்டதில்லையாம்.

அடுத்த வரியில் எழுதியிருந்தார். நீங்கள் அனுப்பியதைச் சமையலறையில் போட்டேன், நானும் என் மனைவியும் ஆடினோம். பழைய மெட்டுக்குப் பக்கத்தில் இதையும் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வைக்கலாமா, உங்கள் அனுமதி வேண்டும்.

எல்லாவற்றையும் சும்மா கொடுக்கிற மனிதர் என்னிடம் அனுமதி கேட்கிறார். எனக்குத் தெரிந்த ஒரே மொழியில் பதில் போட்டேன்: சாம்பிள் அப்ரூவ்டு, ப்ரொசீட்.

தங்கையிடம் சொல்வதா வேண்டாமா என்று கொஞ்ச நாள் தவித்தேன். அவள் ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது சொல்லிவிட்டேன். கையிலிருந்த காபியைக் கீழே வைத்தாள்.

"பாவமுங்கண்ணா அந்தப் பாட்டு" என்றாள். "எத்தன காலமா அழுதுட்டே கெடந்துச்சோ. நம்மூருக்கு வந்தாச்சும் சிரிச்சுதே."

அந்த ஒன்பது சுரங்களுக்குள் பிறகு நானே ஒரு மெட்டுக் கட்டினேன். அதுவும் அவருடைய இணையப் பக்கத்தில் எல்லோருக்குமாகக் கிடக்கிறது. காசு கொடுத்து வாங்கியிருந்தால் அவருடைய மெட்டைச் சொன்னது சொன்னபடியே, ஒரு சுரம் பிசகாமல் வாசித்திருப்போம், என் தங்கையின் கல்யாண வாசலில் ஒப்பாரிதான் கேட்டிருக்கும். முகம் தெரியாத ஒருவர் உள்ளங்கையைத் திறந்து கொடுத்ததால்தான் அவர் ஊர்த் துக்கத்தை எங்கள் சந்தோஷமாக மாற்ற எங்களுக்குத் துணிச்சல் வந்தது என்று இன்றும் ஒவ்வொரு முறை பையில் காற்றை நிரப்பும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.