மாட்டு வைத்தியமும் என் இலக்கண உரைகளும்

கரீம் சாயபு காலமாகிவிட்டார் என்று கிருஷ்ணகிரியிலிருந்து வந்த பஸ் கண்டக்டர் பள்ளிக்கூட வாசலில் நின்று சொன்னார். பாடத்தை நடுவில் நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஓசூர் நூல் நிலையத்தில் அவர் கையால் புத்தகம் வாங்கிய உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவரோடு நான் போட்ட சண்டைதான் உங்களுக்குத் தெரியாது.

என்னென்ன புத்தகம் வேண்டும் என்று வருஷத்துக்கு ஒருமுறை ஜில்லா அலுவலகத்துக்குப் பட்டியல் போகும். அதைப் பார்த்து முடிவு செய்யும் குழுவில் தமிழாசிரியன் நான்; கேட்கவா வேண்டும், வரிசையாக இலக்கண உரைகளை எழுதி நீட்டுவேன். சாயபுவோ, கேட்டுக் கிடைக்காமல் ஜனங்கள் திரும்பிப் போன புத்தகங்களை ஒரு நோட்டில் குறித்து வைத்திருப்பார். பாதி கன்னடம், தெலுங்கு. "தமிழ்ப் பண்டிதன் இருக்கும் ஊரில் இதென்ன கூத்து?" என்று குதித்தேன்.

"கோவிச்சுக்காதீங்க பண்டிதரே. சந்தையன்னிக்கு ஒரு நாள் என் நாற்காலில உக்காருங்க. அப்புறம் நீங்க சொல்றதையே அனுப்பிடறேன்" என்றார்.

உட்கார்ந்தேன். மத்தியானம் அஞ்செட்டிப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் வந்தார். "மாடுங்களுக்குக் கோமாரி, சாமி. வைத்தியப் புஸ்தகம் இருக்குதுங்களா? எனக்குக் கன்னட எழுத்துதான் தெரியும்."

இல்லை என்றேன். "ரொம்ப தூரம் நடந்து வந்தேனுங்க" என்று மட்டும் சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனார். சாயபு பின்னாலேயே ஓடி அவர் பெயரையும் ஊரையும் கேட்டு வந்தார்.

நோட்டைப் புரட்டினேன். கன்னடத்தில் மாட்டு வைத்தியம் என்று போன வருஷமே எழுதியிருந்தார். அதை அடித்திருந்தது என் பேனா.

புத்தகம் வர மாதக்கணக்கானது. விடுமுறை நாளில் சாயபுவே அதை அந்தக் குடியானவர் ஊருக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். மாட்டுக் கொட்டகை காலி.

"எல்லாம் போயிடுச்சுங்க" என்றார் அந்த மனிதர்.

"தப்பு என்னுதுங்க. போன வருஷமே வரவழைச்சிருக்கணும். மன்னிச்சுக்கோங்க" என்று சாயபு கைகூப்பினார். பக்கத்தில் நின்ற என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

குடியானவர் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். "பக்கத்து ஊருல இன்னும் மாடுங்க இருக்குதுங்க."

அடேயப்பா, எப்பேர்ப்பட்ட மனிதர்! திரும்பி வரும் வழியிலும் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அதற்குப் பிறகும் ஒருநாளும் சொன்னதில்லை.

இந்த வருஷப் பட்டியலை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பிடித்த உரைநூல் ஒன்றை எழுதப் போனால் கை நின்றுவிடுகிறது. என் தப்புக்கு அவர் கேட்ட அந்த மன்னிப்புதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது.